அளவறிந்த வேளாண்மை

நுழையுமுன்

வேளாண்மையில் புதிய தொழில்நுட்பம் என்றவுடன் வானில் பறக்கும் ட்ரோனும் வயலில் தானே இயங்கும் பொறியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், உழவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்கள் எளியவை. எவ்வளவு உரம் இடுவது? எந்த விதையை விதைப்பது? எப்போது விதைப்பது? இவ்வினாக்களுக்குத் தக்க விடையை உரிய காலத்தில், தாங்கக்கூடிய செலவில் தருவதே உழவருக்குப் பயன்படும் தொழில்நுட்பமாகும். அத்தகைய சிலவற்றை இப்பாடத்தில் காண்போம்.

மண்ணின் தேவை

நோயாளியைச் சோதிக்காமல் மருந்து கொடுப்பது எத்தகையதோ, அத்தகையதே மண்ணைச் சோதிக்காமல் உரமிடுவதும். பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. துத்தநாகம், இரும்பு, போரான் முதலியவை சிறிதளவே தேவை. எனினும், அவற்றுள் ஒன்று குறைந்தாலும் விளைச்சல் குன்றும். குறைவது எது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதி செய்தல் அரிது.

இதற்கு உதவும் வகையில், 2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இராசத்தானின் சூரத்கட் என்னும் ஊரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பெற்றது. இத்திட்டத்தின்கீழ் மண்ணின் 12 பண்புகள் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுகின்றன. அவற்றுக்கேற்ற உர அளவு அட்டையில் குறித்துத் தரப்படுகிறது.

ஆய்வின் பயன், மண் எடுக்கும் முறையைப் பொறுத்தது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். வயலின் பல இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்திற்குக் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மண்ணைச் சீவி எடுத்தல் வேண்டும். அனைத்தையும் நன்கு கலந்து, பகுத்துக் குறைத்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். ஓரிடத்து மண்ணை மட்டும் அள்ளி அனுப்பினாலும் அட்டை வரும். ஆனால், அது அவ்வயலின் உண்மை நிலையைச் சொல்லாது.

இலையின் நிறம்

மண்வள அட்டை பயிரிடும் முன்னர் வழிகாட்டுகிறது. பயிர் வளரும்போது வழிகாட்டுவது இலைவண்ண அட்டை. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை நிறப்பட்டைகள் வரிசையாக அமைந்த சிறு நெகிழி அட்டையே அது. அதற்கு மின்சாரமும் வேண்டா, இணையமும் வேண்டா.

நெல் நட்ட இரு வாரங்களுக்குப் பின்னர், வாரம் ஒருமுறை காலை வேளையில், பத்துச் செடிகளில் உச்சியில் முழுதும் விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அப்போது நேர்வெயில் படாதவாறு இலையைத் தம் உடலின் நிழலில் வைத்துப் பார்த்தல் நன்று. பத்து இலைகளுள் ஆறோ அதற்கு மேலோ அந்நெல் இரகத்திற்குக் குறிக்கப்பட்ட நிறத்தைவிட வெளிறியிருந்தால் தழைச்சத்து இடலாம், இல்லையெனில் காத்திருக்கலாம்.

காத்திருப்பதாலும் பயனுண்டு. அளவுக்கு மிஞ்சி இடும் யூரியா பயிரைச் செழிப்பாகக் காட்டும். ஆனால், அப்பயிரைப் பூச்சியும் நோயும் எளிதில் தாக்கும். காற்றடித்தால் அது சாய்ந்துவிடும். பயிர் ஏற்காத உரம் நீரில் கரைந்து நிலத்தடி நீரையும் மாசுபடுத்தும். ஆகவே, இடாத ஒரு பிடி உரத்தால் பணமும் மிஞ்சும். பயிரும் நலம் பெறும்.

வெள்ளம் தாங்கும் நெல்

உரத்தைப் போலவே விதையிலும் இடத்திற்கேற்ற தேர்வு வேண்டும். ஒடிசா முதலிய கிழக்கு மாநிலங்களில் ஆற்று வெள்ளம் வயல்களைப் பல நாள்கள் மூழ்கடிப்பதுண்டு. நீரில் மூழ்கிய நெற்பயிர், மூச்சுக்குத் தவிப்பவரைப் போல மேலெழ முயன்று விரைந்து நீளும். அம்முயற்சியில் தன் சேமிப்பையெல்லாம் செலவழித்து மடியும்.

ஒடிசாவின் நாட்டு நெல்லொன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 'எஃப்.ஆர். 13ஏ' என்னும் நெல்லோ நீருக்கடியில் நீளாது, தன் ஆற்றலைச் சேமித்து அடங்கியிருந்தது. வெள்ளம் வடிந்தபின் மீண்டும் தளிர்த்தது. இப்பண்புக்குக் காரணமான மரபணுவை அறிவியலறிஞர்கள் கண்டறிந்தனர். மக்கள் பெரிதும் விரும்பிப் பயிரிடும் ஆந்திரத்துச் 'சுவர்ணா' நெல்லில் அதனைப் பலமுறை இனக்கலப்புச் செய்து சேர்த்தனர். இவ்வாறு உருவான 'சுவர்ணா சப்-1' 2009ஆம் ஆண்டு இந்தியாவில் வெளியிடப்பட்டது. அது ஏறத்தாழ இரு வாரம் நீரில் மூழ்கியிருந்தாலும் பிழைக்கவல்லது.

வெள்ளத்திற்கு முதலில் இரையாகும் தாழ்நிலங்களை ஒடுக்கப்பட்ட சமூகத்து உழவர்களே மிகுதியாகப் பயிரிடுகின்றனர். ஆதலால், இந்நெல்லின் பயன் அவர்களுக்கே கூடுதலாகக் கிட்டுகிறது என்று ஒடிசாவில் நிகழ்ந்த கள ஆய்வு கண்டது. முன்னோர் காத்த நாட்டு விதை இல்லாதிருந்தால் இப்புதிய நெல்லும் இல்லை என்பதும் எண்ணத்தக்கது.

தீர்வு தரும் புதிய சிக்கல்

ஒரு சிக்கலைத் தீர்க்கும் வழியே மற்றொரு சிக்கலை உண்டாக்குவதும் உண்டு. தில்லியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பயிலும் மாணவர்கள், அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில் வானம் புகையால் மங்குவதைக் கண்டிருப்பர். வாகனப் புகை, தூசி முதலியவற்றோடு, பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கப்படும் நெல் அரிதாளும் வைக்கோலும் அதற்குக் காரணமாகும்.

அறுவடை இயந்திரம் வேலையை விரைவாக்கியது. ஆனால், வைக்கோலை வயலிலேயே சிதறவிட்டது. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டுப் பஞ்சாபில் 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், நெல் நடவைச் சூன் திங்களுக்குத் தள்ளிவைத்தது. அதனால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுப்பதற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. வைக்கோலை விரைவாக அகற்ற, செலவில்லாத வழியாகத் தீயே உழவருக்குத் தோன்றியது.

'ஹாப்பி சீடர்' என்னும் கருவி இதற்கு மாற்றாக வந்தது. டிராக்டரின் பின்னால் பொருத்தப்படும் இக்கருவி, அரிதாளை வெட்டி அகற்றி, மண்ணில் கோதுமையை விதைத்து, அத்தாளையே விதைத்த நிலத்தின்மீது மூடாக்காகப் பரப்புகிறது. மூடாக்கு ஈரத்தைக் காத்து, பின்னர் மட்கி உரமாகிறது. எனினும், இதனை இழுக்க ஆற்றல் மிக்க டிராக்டர் தேவை. ஆண்டில் சில வாரங்களே பயன்படும் இக்கருவியைச் சிறு உழவர் ஒருவர் தனியே வாங்குதல் எளிதன்று.

யார்க்கு எட்டும்?

2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் பண்ணைகளுள் 100க்கு 86, இரண்டு எக்டேருக்கும் குறைந்த பரப்புடையவை. ஆதலால், சொந்தமாக வாங்கினால்தான் பயன் என்னும் நிலையிலுள்ள தொழில்நுட்பம் பெரும்பாலான உழவர்க்கு எட்டாக்கனியே. கருவிகளை வாடகைக்கு வழங்கும் மையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த இடைவெளியைக் குறைக்கின்றன.

ட்ரோனுக்கும் இது பொருந்தும். மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமந்து நச்சுக்காற்றைச் சுவாசிக்கும் துன்பத்தை அது குறைக்கிறது. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கி, அக்குழுக்கள் உழவர்களுக்கு வாடகைக்குத் தெளித்துத்தரும் திட்டத்திற்கு 2023ஆம் ஆண்டு நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. ஒருவர் வாங்க இயலாததை ஊரே பயன்படுத்தும் வழி இது.

மொழியும் ஒரு தடையாகலாம். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில், உழவர் தமிழ் உள்ளிட்ட தம் மொழியிலேயே ஐயம் கேட்டு விடை பெறலாம்.

மாணவர்களே! அட்டையும் விதையும் கருவியும் உழவருக்குத் துணைநிற்பவை. எந்த மடையில் நீர் தேங்கும், எந்த மூலையில் களை மண்டும் என்பதை அறிந்தவர் அந்நிலத்தை உழுபவரே. அவ்வறிவைக் கேட்டறிந்து அதனோடு சேரும் தொழில்நுட்பமே உழுநிலத்தில் நிலைக்கும். நாளை நீங்கள் பொறியாளராகவோ அறிவியலறிஞராகவோ ஆகும்போது, உழவரிடம் முதலில் கேளுங்கள். பின்னர்க் கருவியைச் செய்யுங்கள்.

சொற்பொருள்

அரிதாள் – கதிர் அறுத்தபின் நிலத்தில் நிற்கும் அடித்தண்டு
மூடாக்கு – மண்ணின் ஈரம் காக்கப் பரப்பும் தழை, வைக்கோல் முதலியன
மடை – வயலுக்கு நீர் பாயும் வழி
குன்றும் – குறையும்

இலக்கணக் குறிப்பு

அரிதாள், உழுநிலம் – வினைத்தொகை
எட்டாக்கனி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பயிற்சி

1. மண் மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய இடங்கள் யாவை?
2. இலைவண்ண அட்டையைப் பயன்படுத்தும் முறையை விளக்குக.
3. வெள்ளத்தில் மூழ்கும்போது பிற நெல்லும் 'சுவர்ணா சப்-1' நெல்லும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. 'ஒரு தீர்வு மற்றொரு சிக்கலை உண்டாக்கலாம்.' பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
5. பிரித்து எழுதுக: அளவறிந்து, தாழ்நிலம், மரநிழல்.

செயல்பாடு: உங்கள் ஊருக்கு அருகிலுள்ள உழவர் ஒருவரைச் சந்தித்து, அவருக்கு உண்மையில் தேவைப்படும் கருவி எது என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதி வருக.