சுரங்க மெட்ரோவில் கான்கிரீட்டைப் படம் எடுக்க…

தம்பி, சென்னைக்குப் போனதும் மெட்ரோ சுரங்க நிலையங்களைப் போனில் எடுக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் நம்ம எம்.ரெட்டியபட்டியிலேயே கையைப் பழக்கிக்கொள். உச்சி வெயிலில் வாட்டர் டேங்க் தூணைப் பார்த்தால் மொட்டையாகத்தான் தெரியும். சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு போய்ப் பார். சென்ட்ரிங் பலகை சேர்ந்த கோடு, கலவை இறங்காமல் விட்ட குழி, கம்பித் துரு வடிந்த தடம் எல்லாம் எழும்பி நிற்கும். பூசாத கான்கிரீட்டுக்கு அதுதான் முகம். பக்கவாட்டில் வெளிச்சம் விழாமல் அது படத்தில் வராது.

சுரங்கத்துக்குள் வெயில் ஏது? அதனால் விளக்கு எங்கே இருக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் நின்று கவனி. 1976-ல் திறந்த வாஷிங்டன் மெட்ரோவின் படங்களைத் தேடிப் பார். ஹாரி வீஸ் வடிவமைத்தது. வளைந்த கூரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குழித்த வெறும் கான்கிரீட். விளக்குகளைக் கீழே மறைத்து வைத்து, வெளிச்சம் மேலே அடிக்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு கட்டமும் ஆழமாகத் தெரிகிறது.

சென்னையில் அந்த அளவு வெறும் கான்கிரீட் கிடைக்காது. 2017 மே மாதம் திருமங்கலம் – நேரு பூங்கா பாதையில்தான் முதல் சுரங்க ரயில் ஓடியது. அந்த நிலையங்களில் பெரும்பாலும் கல்லும் பலகையும் பதித்திருக்கும். அங்கே ஆழத்தை எடு. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் இரண்டு வழித்தடங்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. எஸ்கலேட்டர், படிக்கட்டு, தூண் வரிசை என்று எடுக்க நிறைய இருக்கும்.

லென்ஸைத் துணியால் துடை. கிரிட் கோட்டைப் போட்டுக்கொள். 0.5 ஜூமில் எடுத்தால் ஓரத்துத் தூண்கள் இழுபடும். 1-லேயே வைத்துப் பின்னால் நகர்ந்து போ. போனை அண்ணாந்து பிடித்தாலும் தூண் சாயும், நட்டுக்குத்தாகப் பிடி. திரையில் விளக்கைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழு. படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால், ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வை. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது ஒத்துப்போகும். பிளாட்பாரக் கண்ணாடிக் கதவில் உன் உருவமே விழும், கொஞ்சம் சாய்வாக நில். உயரம் தெரிய ஒரே ஒரு ஆள் தூரத்தில் போதும். முகம் தெரிய யாரையும் எடுக்காதே, பெண்களை எடுக்கவே எடுக்காதே.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ரயில் ஓட்டுகிறவர் கண்ணில் அடிக்கும். செக்யூரிட்டி சோதனை நடக்கும் இடத்தையும் கேமராக்களையும் எடுக்காதே. உள்ளே போனதுமே ஊழியரிடம் கேட்டுவிடு. வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வை. ட்ரைபாட், பெரிய கேமரா எல்லாம் நிர்வாகத்தின் அனுமதி கையில் இருந்தால் மட்டும்தான். டிக்கெட்டுக்கும் நேரக் கெடு உண்டு, கவுண்டரில் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போ, கூட்டம் குறைவு.

விளக்கின் மஞ்சளும் பச்சையும் கலந்து சுவர் அழுக்காகத் தெரிந்தால், கறுப்பு வெள்ளைக்கு மாற்றி எனக்கு அனுப்பு.