பிள்ளைகள் வீட்டு ஐஸ் பெட்டியை நிரப்பப் போகும் தாய்மார்களுக்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் லயங்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் கிள்ளான், சிரம்பான், ஜொகூர் பாரு என்று வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். தோட்டத்தில் இருக்கும் தாய்க்கு உடம்பு இங்கே, மனசு அங்கே. "மவன் ராத்திரி ஷிப்டு, கடையில மீ கோரேங்கா தின்னு வயித்தக் கெடுத்துக்கிறான். நான் போயி பத்து நாளைக்கு ஆக்கி வச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லாத தாய் யார்? ஒரு வேனைப் பிடித்து, மூன்று ஊரில் மூன்று பிள்ளைகளையும் பார்த்து, மூன்று ஐஸ் பெட்டிகளையும் நிரப்பிவிட்டு வருகிறவர்களும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கறியே பிள்ளைகளைப் படுக்கையில் போட்டுவிடவும் கூடும். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

தோட்ட மருந்தகத்தில் பல வருஷம் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு என் வீட்டிலேயே கோட்டை விட்டேன். என் மகள் கிள்ளானில் பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. என் மனைவி விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, நாட்டுக்கோழி இரண்டு அடித்து, மிளகு தூக்கலாக ஒரு பெரிய சட்டிக் கறி ஆக்கினாள். சூட்டோடு மூடி, துணியைச் சுற்றி, வேனின் பின்புறம் வைத்தோம். ஆறு மணிக்குப் புறப்பட்டோம். வழியில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காப்பி, பிறகு நெடுஞ்சாலையில் நெரிசல். போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி. சட்டியைத் தொட்டுப் பார்த்து, "பாருங்க, சூடு கூட ஆறல" என்று அவளுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான்.

அந்த வெதுவெதுப்புதான் வினையாய் முடிந்தது. ஐஸ் பெட்டியின் ஒரு தட்டை எடுத்துவிட்டுச் சட்டியோடு உள்ளே திணித்தோம். இரவு எட்டு மணிக்கு எடுத்தபோது மேலே ஜில்லென்று இருந்தது, நடுவில் அவ்வளவாகக் குளிரவே இல்லை. லேசாகச் சூடு காட்டிச் சாப்பிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மகளுக்கும் மருமகனுக்கும் வயிற்றை முறுக்கிப் போக ஆரம்பித்தது. மருமகன் மாலைக்குள் எழுந்துவிட்டார். பச்சை உடம்புக்காரி ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுத்து, கையில் மருந்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

கறி கெட்ட வாடை அடித்ததா? இல்லை. புளித்ததா? இல்லை. ருசியாகவே இருந்தது. இதைத்தான் தாய்மார்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றைக் கெடுக்கும் கிருமி எல்லா நேரமும் வாடையைக் கொடுக்காது. நன்றாகக் கொதித்த கறியில் கிருமி செத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் சில கிருமிகள் வித்து போன்ற ஒரு கெட்டி உருவத்தில் கொதியையும் தாங்கி நிற்கும். கறி ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் அந்த வித்து முளைக்கிறது. 60 டிகிரி செல்சியசுக்கு மேல் அவை பெருகாது. 5 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான கிருமிகள் மிகவும் மந்தமாகிவிடும். இடையில் உள்ளது முழுக்க அவற்றுக்குக் கொண்டாட்டம்தான். நல்ல சூழ்நிலையில் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டு, ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்துக்கும் மேல். எங்கள் சட்டி வேனில் இருந்ததே அந்த ஏழு மணி நேரம்தான்.

ஆகவே முதல் காரியம், ஆக்கிய கறியைச் சூட்டோடு தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அரைத்த மசாலாத் தூள், கருவாடு, நெத்திலி, வடகம், ஊறுகாய், காய்ந்த மிளகாய் இவற்றைக் கொண்டு போங்கள். கோழியையும் மீனையும் அந்த ஊர்ப் பாசாரில் வாங்கி அங்கேயே ஆக்குங்கள். கை அதே கைதானே, ருசி எங்கே போய்விடும்? கட்டாயம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், முதல் நாளே ஆக்கி, கல் மாதிரி உறைய வைத்து, ஐஸ் கட்டியோடு மூடிய தெர்மோஸ் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வண்டியின் பின்பக்கப் பெட்டியில் வேண்டாம், அது வெயிலில் அடுப்பாகிவிடும். ஆள் உட்காரும் இடத்தில் வையுங்கள். போய் இறங்கியதும் தொட்டுப் பாருங்கள். உள்ளே இன்னும் ஐஸ் கட்டி தெரிந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க இளகி, ஜில்லிப்பும் போய்விட்டிருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

அங்கே போய் ஆக்கிய பிறகு ஆற வைப்பதுதான் பெரிய வேலை. பெரிய சட்டி தானாக ஆறாது. அகலமான பாத்திரங்களில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். ஒரு பேசினில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு, அதில் பாத்திரத்தை வைத்துக் கிளறிக் கொடுங்கள். அடுப்பை விட்டு இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குள் போய்விட வேண்டும். நம் ஊர் நண்பகல் வெக்கையில், 32 டிகிரிக்கு மேல் காயும்போது, ஒரு மணி நேரம்தான் கணக்கு. "சூடா வச்சா பெட்டி கெட்டுப்போவும்" என்று ராத்திரி முழுக்க மேசையில் விட்டுவிடுகிறார்கள். கொதிக்கிற பெரிய சட்டியை வைக்கக் கூடாது, சரி. சின்னப் பாத்திரத்தில் லேசான சூடு இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

பிறகு ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வையுங்கள். தனி ஆளாக இருக்கும் மகனுக்கு ஐந்து பேர் சாப்பிடும் டப்பாவை உறைய வைத்தால், அவன் முழுவதையும் இளக வைத்து, பாதியைத் தின்று, மீதியை மூன்று நாள் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டுவான். குழம்பு உறையும்போது உப்பும், ஆகையால் டப்பாவின் மேல் ஒரு விரல் இடம் விடுங்கள். கண்ணாடிப் போத்தலில் ஊற்றினால் விரிந்து போகும். பிளாஸ்டர் துண்டில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு சாம்பாரும் மீன் குழம்பும் ஒரே முகம்தான்.

பெட்டியின் உறைய வைக்கும் அறையில் நட்சத்திரக் குறி இருந்தால் பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் குறைச்சல் 6 டிகிரி, ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். இரண்டு என்றால் குறைச்சல் 12, ஒரு மாதம். மூன்று என்றால் குறைச்சல் 18, மூன்று மாதம். வாடகை வீட்டுச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உறைய வைப்பதால் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. அவ்வளவுதான்.

கோழிப் பிரட்டல், ஆட்டுக்கறி, பருப்பு, ரசம், பூண்டுக் குழம்பு, அவித்த இட்லி, சப்பாத்தி எல்லாம் நன்றாக உறையும். உருளைக்கிழங்கு மணல் மாதிரி ஆகும், அவித்த முட்டை ரப்பராகும், தேங்காய்ப்பால் திரிந்து நிற்கும். தேங்காய்ப்பால் ஊற்றும் முன்பே கறியை எடுத்து உறைய வைத்துவிட்டு, சூடு காட்டும்போது பாலை ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சோற்றை மட்டும் அன்றன்று ஆக்கிக்கொள்ளட்டும். வெளியே கிடந்த சோற்றில் ஒரு கிருமி விஷத்தையே உண்டாக்கி வைக்கும், அதைத் திரும்பச் சூடு காட்டினாலும் விஷம் போகாது. "பழைய சோறு தின்னுதானே டிரெசரே வளந்தோம்?" என்று கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும் அந்தக் கதையை இன்னொரு மாதம் பேசுவோம். இங்கே சொல்வது ராத்திரி முழுக்க மேசையில் கிடந்து, காலையில் நாசி கோரேங் ஆகிற சோற்றை.

இனிப்பு நீர் உள்ளவர் வீட்டுக்குப் போனால் ஒரு கவனம் வேண்டும். இன்சுலின் ஊசி மருந்து அதே ஐஸ் பெட்டியில்தான் இருக்கும். டப்பாக்களைத் திணிக்கும்போது அது பின்சுவரை ஒட்டியோ, உறைய வைக்கும் அறைக்கோ போய்விடும். ஒரு தடவை உறைந்த இன்சுலின் இளகினாலும் வேலை செய்யாது, கொட்ட வேண்டியதுதான். கீழ்த் தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள், முன்பக்கமாக அதற்கு ஒரு இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகு உங்கள் டப்பாக்களை அடுக்குங்கள். அவருக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு, உறைந்த கறி இளகட்டும் என்று சாப்பிடாமல் காத்திருக்கக் கூடாது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

இளக வைப்பதை மேசையில் வைத்துச் செய்யக் கூடாது. ஜொகூர் பாலத்தைத் தாண்டி ராத்திரி வேலைக்குப் போகும் பையன், சாயங்காலம் கிளம்பும்போது ஒரு டப்பாவை மேல் அறையிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டுப் போகட்டும். காலையில் வரும்போது இளகியிருக்கும். மறந்துவிட்டால் சின்னக் கட்டியாக இருப்பதை அப்படியே சட்டியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில் இளக்கலாம். எப்படியானாலும் நடுவிலும் கொதி வர வேண்டும். ஒரு தடவைக்கு மேல் சூடு காட்ட வேண்டாம்.

கரண்டு போனால் கதவைத் திறக்காதீர்கள். கீழ் அறை நான்கு மணி நேரம்தான் தாங்கும். உறைய வைக்கும் தனிப் பெட்டி நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி இருந்தால் 24. வீட்டில் ஆள் இல்லாத நாட்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு குவளைத் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு பத்துக் காசு வையுங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவுக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் கொடுக்கும் தாய் பாலை நிறுத்த வேண்டாம். என் மகளும் நிறுத்தவில்லை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரத்தம் கலந்து போனாலும், நீர் பிரியாவிட்டாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், கண் குழிந்து சோர்ந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். கைக்குழந்தை, வயசானவர், பிள்ளைத்தாய்ச்சி என்றால் அதுவரைக்கும் கூடக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது என் மனைவி வேனில் ஏற்றுவது மசாலா டின்னும், கருவாட்டுப் பொட்டலமும், ஒரு கட்டு காலி ஐஸ்கிரீம் டப்பாவும்தான். அந்த டப்பாக்களை மட்டும் பிள்ளைகள் கழுவித் திருப்பித் தருவதே இல்லை. நீங்களாவது கேட்டு வாங்கி வாருங்கள், அடுத்த விடுமுறைக்கு வேண்டும்.