எடை குறைந்தால் போதுமா?

ஆசிரியர் ஓய்வறையில் உடல் எடை பற்றிய பேச்சு எழாத வாரம் இல்லை. "காலைச் சாப்பாட்டை விட்டேன், 5 கிலோ குறைந்தது" என்று ஒருவர் சொன்னால் உடனே பாராட்டுகிறோம். குறைந்தது கொழுப்பா, தசையா என்று கேட்பதில்லை.

எட்டாம் வகுப்பில் ஊட்டச்சத்து பற்றிப் பேசியபோது ஒரு மாணவி, "எங்கப்பா ஒல்லியாத்தான் இருப்பாரு டீச்சர். அவருக்கு எப்படி சர்க்கரை வந்துச்சு?" என்று கேட்டாள். காஞ்சிபுரத்தில் பலரைப் போல அவரும் பட்டு நெசவாளர். நாள் முழுதும் குழித்தறியில் அமர்ந்திருப்பவர்.

அவளுக்கான விடையின் ஒரு பகுதி, 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஒப்பீட்டில் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. தெற்காசியர்களிடம் ஒல்லியான தோற்றத்துக்குள்ளும் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கலாம் என்பதை இது எளிதாக விளக்குகிறது.

உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான். 30 வயதுக்குப் பின் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எனவே கொழுப்பைக் குறைத்து, தசையைக் காப்பதே நம் இலக்காக வேண்டும். இதற்கு மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும்.

1. நடை: வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். காலையில் ராஜ வீதிகளில் நாள்தோறும் அரை மணி நேரம், வாரம் 5 நாள் நடந்தால் கணக்கு நிறைவேறும்.

2. தசைப் பயிற்சி: வாரம் 2 நாளாவது தேவை. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், தோப்புக்கரணம் போதும். நாம் தண்டனையாகக் கொடுத்துவந்த தோப்புக்கரணம் உண்மையில் தொடைக்கான நல்ல பயிற்சி.

3. புரதம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் 10 கிராம் கிடைக்கும். சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, சுண்டலையும் பருப்பையும் கூட்டினால் செலவு அதிகம் ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

இதை வகுப்பறைச் செயல்பாடாகவும் மாற்றலாம். என் மாணவர்கள் நீண்ட காகிதப் பட்டையில் 80 செ.மீ., 90 செ.மீ. என இரு கோடுகள் குறித்தனர். முதலாவது பெண்களுக்கும் இரண்டாவது ஆண்களுக்குமான இடுப்புச் சுற்றளவு எல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து அளந்தனர். எல்லையைத் தாண்டியவர்களிடம், அரசு மருத்துவமனையிலோ, 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடமோ சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளச் சொல்லுமாறு அறிவுறுத்தினேன். கோட்டைத் தாண்டாத ஒல்லியானவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இந்த எல்லைகள் குழந்தைகளுக்கு உரியவை அல்ல. வளரும் பிள்ளைகள் உணவைக் குறைக்கக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது நாளும் ஒரு மணி நேர விளையாட்டு. எந்த மாணவரின் எடையையும் வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம். உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுப்பதே, அவர்களின் தசைக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி.