செங்கல் தளத்தில் பாசி: மெஷினைப் பிடிக்கும் முன்னே…

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தொழுவத்து வாசலையும் தண்ணித் தொட்டியடியையும் பாருங்க. செங்கல் பாவிய இடமெல்லாம் பச்சையாகப் பாசி பிடிச்சிருக்கும். எங்கள் சினைமாடு தண்ணி குடிக்க வந்தபோது அதில் சறுக்கி, முட்டி போட்டு விழுந்தது. நல்லவேளை, கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பயந்துபோய், வண்டி கழுவும் பிரஷர் மெஷினை வாடகைக்கு எடுத்து அடித்தோம். ஒரு மணி நேரத்தில் தளம் புதுசு போல ஆனது. ஆனால் அடுத்த மழைக்கு முன்பைவிடத் தடிப்பாகப் பாசி வந்துவிட்டது. ஏன்?

சூளையில் வெந்த செங்கல்லுக்கு மேற்பரப்பு இறுக்கமாக இருக்கும். அதுதான் அதன் தோல். சிறிய மெஷினே 100 பார், அதாவது சுமார் 1,450 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும். பைக் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. சுமாருக்குத்தான். அவ்வளவு வேகத்தில் ஊசி போலத் தண்ணி பாய்ந்தால் கல்லின் தோல் உரியும். இடுக்கில் உள்ள சாந்து பெயரும். உரிந்த கல் அதிகத் தண்ணி குடிக்கும், மெதுவாகக் காயும். பாசிக்கு வேறென்ன வேணும்?

கழுவும் முறை

1. வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்குங்க. மாடுகளை வேறு இடத்தில் கட்டுங்க.
2. தளத்தை நனைத்து ஊறவிட்டு, கட்டை விளக்குமாறு அல்லது நார் பிரஷால் தேயுங்க. பெரும்பாலான பாசி இதிலேயே வந்துவிடும். அதை எருக்குழியில் போடலாம்.
3. மிச்சத்துக்கு மட்டும் மெஷின். ஊசி முனை வேண்டாம்; விசிறியாகப் பீய்ச்சும் அகல முனையை மாட்டுங்க. அழுத்தத்தைக் குறைத்து, ஒரு அடி தள்ளி, சாய்வாகப் பிடிங்க. முதலில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்க. தண்ணி செம்மண் நிறத்தில் ஓடினால் கல் கரைகிறது, உடனே நிறுத்துங்க.
4. பழைய சுண்ணாம்புச் சாந்துக் கட்டடம், பொரிந்துபோன கல், இவற்றில் மெஷினே வேண்டாம்.
5. ரப்பர் பூட்ஸ், கண்ணாடி அவசியம். கை, காலில் பாய்ச்சாதீங்க, தோலைத் துளைக்கும். அப்படி ஆனால் சின்னக் காயம்தானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மின் இணைப்பில் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும்.

ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது

ஆசிட் சுண்ணாம்பைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கோமியம் ஊறிய தளத்தில் பிளீச்சிங் போட்டாலும் மூச்சை அடைக்கும் நச்சுப்புகை வரும். அந்தத் தண்ணி எருக்குழிக்கோ மண்புழுத் தொட்டிக்கோ போனால், நாம் வருஷக்கணக்கில் வளர்த்த உயிர்கள் சாகும். வெறும் தண்ணியில் கழுவினால் அதை அப்படியே வாழைக்கு விடலாம்.

திரும்ப வராமல் இருக்க

பாசி நமக்கு எதிரி இல்லை. நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. தளத்தில் அது வளர்ந்தால் "இங்கே ஈரம் காயவில்லை" என்று சொல்கிறது. ஒழுகும் குழாயை மாற்றுங்க. கூரைத் தண்ணி தளத்தில் விழாமல் திருப்புங்க. மேலே கவிந்த கிளையைக் கழித்து வெயில் விடுங்க. 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் இருக்கட்டும். பெயர்ந்த இடுக்கை 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல் சேர்த்துப் பூசுங்க.

நாங்கள் இப்போது தொட்டிக் குழாயை மாற்றி, வேப்பங்கிளை இரண்டைக் கழித்துவிட்டோம். வாரம் ஒருமுறை விளக்குமாறு போட்டால் போதுமாக இருக்கிறது. மெஷின் வாடகை மிச்சம்; மாடும் பயமில்லாமல் நடக்குது.