சொல்வதும் உடுத்துவதும் ஒன்றாக: மும்பைத் தமிழர்களுக்குச் சில குறிப்புகள்

மாட்டுங்காவிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, பரேலில், 1921 ஜூலை 31 அன்று காந்தி அந்நியத் துணிகளுக்குத் தீ மூட்டினார். கதர் வாங்கக்கூடக் காசில்லாத ஏழைகளைப் பார்த்த பிறகு, செப்டம்பர் 22 அன்று மதுரையில் தானே அரை வேட்டிக்கு மாறினார். அவ்வளவு தூரம் நம்மால் போக முடியாது. கடை, மெஸ், டியூஷன் என்று தொழில் நடத்துகிறவர்கள் சொல்லுக்கும் துணிக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டால் போதும்.

1. தாராவியில் தோல் கடை வைத்திருப்பவர் தன் கடை பெல்ட்டையே கட்டட்டும், அதுவும் பழையதை. சில வருஷம் உழைத்து மெருகேறிய பெல்ட் இடுப்பில் இருந்தால் வேறு உத்தரவாதம் தேவையில்லை. ரெக்சின் பெல்ட்டோடு நின்று ‘அசல் தோல்’ என்று கூவினால் யார் நம்புவார்கள்?

2. தோல் அல்லாததை விற்றால் மறைக்க வேண்டாம். 2015-ல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை வந்தபின் தாராவித் தோல் தொழிலாளர் பலருக்கு வேலை போனது. சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர் அவர்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய ரப்பரில் பைகள் செய்யத் தொடங்கினார். ரப்பரை ரப்பர் என்றே சொன்னார். வசைச்சொல்லாகிவிட்ட ‘சமார்’ என்ற சாதிப் பெயரையே பிராண்டுக்கும் வைத்தார். எனக்குத் தெரிந்து இதைவிடத் துணிச்சலான பெயர்ப்பலகை இல்லை.

3. சாப்பாடு விற்பவர்களுக்கு: தலைக்குத் தொப்பி, இடுப்புக்கு ஏப்ரன். மோதிரம், வளையல், வாட்ச் மூன்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. அடுப்படியில் பாலியெஸ்டர் ஆகாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தியே நல்லது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பிரேம் கணபதி 1992-ல் வாஷியில் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போட்டபோதே சுத்தமான உடுப்பும் தொப்பியுமாக நின்றார். பிற்பாடு ‘தோசா பிளாசா’ ஆனது அந்த வண்டிதான்.

4. ‘உயிர்க்கொலை இல்லாத சமையல்’ என்று விளம்பரம் செய்பவர் விருந்தில் பட்டுப்புடவையோடு நிற்பது எனக்கு உறுத்தும். புழுக்கள் சாவதைச் சொல்லிப் பட்டை விடச் சொன்னவர் காஞ்சிப் பெரியவர். அவர் படம் மாட்டிய வீடுகள் மாட்டுங்காவில் ஏராளம். பட்டை விட்ட வீடுகளைத்தான் தேட வேண்டும்! மாற்று வேண்டுமென்றால் மதுரைச் சுங்குடியோ செட்டிநாட்டுக் கண்டாங்கியோ கட்டலாம். முதல் சலவையில் உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், சாயம் போகலாம். அகிம்சைப் பட்டும் கிடைக்கிறது. புழு கூட்டைவிட்டுப் போன பிறகு எடுக்கும் நூல் என்பதால் மினுமினுப்பு சற்றுக் குறைவு.

5. ‘கைத்தறி மட்டுமே’ என்று சொல்லிக்கொள்பவர்கள் கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள். தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் ஊசியின் பொடித் துளைகள் கரையோரம் தெரிந்தால் அது இன்னொரு அடையாளம்.

6. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேட்டிக்குக் கஞ்சி போடாதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நனைந்த தோல் செருப்பை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஃபேன் காற்றில் விடுங்கள்.

7. லோக்கலில் போகிறவர்கள் நல்ல உடையைப் பையில் வைத்து, பையை மார்பில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். இறங்கிய இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

8. வேட்டியோடு கிளப் விருந்துக்குப் போவதென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2014-ல் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டிக்காகக் கிளப்புக்குள் விடவில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு அத்தகைய தடைக்கு எதிராகச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் மும்பையில் செல்லாது.

9. டப்பாவாலாக்களின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்து, நம் கடைப் பையன்களுக்கும் சீருடை கொடுக்கும் ஆசை பலருக்கு வருகிறது. கொடுங்கள், நீங்களும் அதையே போட்டுக்கொண்டு கல்லாவில் உட்காருங்கள். ஆளுக்கு மூன்று செட்டாவது வேண்டும், மழையில் ஒன்று காய இரண்டு நாள் ஆகும். தயவுசெய்து துணிக்கான காசைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.