மனச்சோர்வுக்கும் மருத்துவம் உண்டு



காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். காலில் முள் குத்திச் சீழ் வைத்தாலும் போகிறோம். மனம் நொந்தால் மட்டும், "எல்லாம் தானா சரியாயிடும்" என்று வீட்டிலேயே இருந்து விடுகிறோம். இது சரியா?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மனைவிக்கு விடியுமுன் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சோறு இறங்கவில்லை. பிள்ளை சிரித்தாலும் மனசு ஒட்டவில்லை. வீட்டார் அவளைச் சோம்பேறி என்கிறார்கள். கணவனுக்கோ காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. தூக்கம் வர வேண்டுமென்று குடிக்கிறார். குடி தூக்கத்தையும் கெடுக்கும், மனத்தையும் கெடுக்கும். ஒருவர் படும் பாடு மற்றவருக்குத் தெரியவில்லை. மனைவிக்கு இருப்பது மனச்சோர்வாகவும், கணவனுக்கு இருப்பது மனப்பதற்றமாகவும் இருக்கலாம். இரண்டும் நோய்களே. பைத்தியமும் அல்ல, செய்வினையும் அல்ல.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் துக்கமாகவே இருந்தாலோ, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, பயமும் படபடப்பும் வேலையைக் கெடுத்தாலோ காத்திருக்க வேண்டாம். பிரசவமான தாய்க்கு இப்படி இருந்தால் உடனே சொல்லுங்கள்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இரத்தசோகை, தைராய்டு கோளாறு இவற்றாலும் சோர்வு வரும். டாக்டர் அதையும் பார்ப்பார். தேவையானால் மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். 1996-ல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டத்துக்கு வந்தது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். நீங்கள் சொல்வதை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே கூறுகிறது.

அங்கே என்ன செய்வார்கள்?

"கரண்டு வைப்பாங்களாமே?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சாதாரண மனச்சோர்வுக்கு அது தேவைப்படாது. ஆலோசகர் உங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்பார். எந்த நினைப்பு உங்களை வாட்டுகிறது, அதை எப்படிச் சமாளிப்பது, விட்டுப்போன வேலைகளைச் சிறிது சிறிதாக எப்படித் தொடங்குவது என்று சொல்லித் தருவார். ஒரே நாளில் முடியாது. பல முறை போக வேண்டியிருக்கும்.

சிலருக்கு மாத்திரையும் தருவார்கள். "நாலு நாள் சாப்பிட்டேங்க, கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். நாற்றங்காலில் விட்ட விதை நடவுக்கு வர மூன்று, நான்கு வாரம் ஆகிறதல்லவா? மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவும் அவ்வளவு நாள் ஆகலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிடச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

துணைவர் செய்ய வேண்டியவை:

1. "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.
2. முதல் முறை கூடவே போங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை.
3. மாத்திரையையும் அடுத்து வரச் சொன்ன தேதியையும் நினைவூட்டுங்கள்.
4. கோயிலுக்குப் போவது ஆறுதல்தான். அதோடு சிகிச்சையும் நடக்கட்டும்.

எச்சரிக்கை!

"நான் இருந்து என்ன பிரயோசனம்?" என்ற பேச்சு வந்தால் அலட்சியம் வேண்டாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது, பாரம்தான் குறையும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை கிடைக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம்.

இன்றிரவு வேலை முடிந்தபின் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்: "உனக்கு மனசு எப்படி இருக்கு?" "உங்களுக்கு எப்படி இருக்குங்க?" பதில் சரியில்லை என்றால், நாளைக் காலையிலேயே இருவரும் சேர்ந்து புறப்படுங்கள்.

மறைத்தால் நோய் வளரும். மனம் திறந்தால் குடும்பம் தழைக்கும்!