ஈரலின் வாசலில் ஒரு வாங்கி

ஈரலில் கட்டி இருந்த பகுதியை வெட்டி அகற்றிய பின் சாச்சாவைப் பார்க்கப் போயிருந்தோம். நான் உயர்தரத்தில் உயிரியல் கற்பதால் வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் கேள்விகள் என்னிடம்தான் வரும்.

"வெட்டின ஈரல் திரும்ப வளரும் எண்டு சொல்றாங்களே மகள், உண்மையா?"

"ஓம் சாச்சா, வளரும்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப உள்ளுக்குப் புற்றுநோய் கொஞ்சம் மிஞ்சியிருந்தா அதுவும் சேர்ந்து வளருமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தேடி வாசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் என் தவறைத் திருத்த வேண்டும். வெட்டிய சோணை மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய சோணைகளே பருத்து இழப்பை ஈடுசெய்கின்றன. 1931 இல் ஹிகின்ஸ், அண்டர்சன் என்ற இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றி இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஓரிரு வாரங்களில் எலியின் ஈரல் ஏறக்குறைய பழைய நிறைக்கு வந்துவிடும்.

வளரும்படி ஈரல் கலங்களுக்குச் சொல்வது யார்? முக்கியமான தூதர்களில் ஒன்று ஈரல்கல வளர்ச்சிக் காரணி என்னும் புரதம். அது வந்து சேரும் இடம் கலத்தின் மென்சவ்வில் உள்ள 'மெட்' என்ற வாங்கி. வீட்டு அழைப்பு மணியை நினைத்துக்கொள்ளுங்கள்: பொத்தான் வெளியே, மணி உள்ளே. வாங்கியும் அப்படித்தான் மென்சவ்வை ஊடறுத்து நிற்கிறது. வெளிப்பகுதியில் வளர்ச்சிக் காரணி பிணைந்ததும் இரண்டு வாங்கிகள் சோடி சேரும். உட்பகுதியில் பொசுபேற்றுக் கூட்டங்கள் இணையும். செய்தி கைமாறிக் கைமாறிக் கருவை அடையும். பிரிவடை, இறந்துவிடாதே என்பது அச்செய்தியின் ஒரு பாதி.

மறுபாதி வேறோர் இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1980களில் மைக்கல் ஸ்டோக்கர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நாரரும்பர் கலங்களை வளர்த்த திரவத்தை மேலணிக் கலங்கள்மீது ஊற்றிப் பார்த்தார். பாய் பின்னியதுபோல் ஒட்டியிருந்த கலங்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டுத் திசைக்கொன்றாக நகர்ந்தன. அத்திரவத்தில் இருந்த பொருளுக்குச் சிதறற் காரணி என்று பெயரிட்டார்கள். 1991 அளவில் உண்மை வெளியானது: சிதறற் காரணியும் ஈரலை வளர்க்கும் காரணியும் ஒரே புரதம், இரண்டுக்கும் வாசல் அதே மெட் வாங்கி. இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். காயத்தை ஆற்றவும் கலங்கள் இடம்பெயரத்தானே வேண்டும்!

ஈரல் புற்றுநோய் சிலவற்றில் இவ்வாங்கிகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகுகின்றன. மணி ஓயாமல் ஒலிக்கிறது. கலங்களை ஒட்டி வைத்திருக்கும் புரதம் குறைகிறது. சுற்றியுள்ள இழையத்தைக் கரைக்கும் நொதியங்கள் சுரக்கின்றன. புற்றுக் கலங்கள் குருதிக்கலன்களுக்குள் நுழைகின்றன. அங்கிருந்து ஈரலின் வேறு பகுதிகளுக்கும், பின்னர் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகலாம். மெட் வாங்கி தூண்டும் பரம்பரையலகுகள் விழித்திருந்த கட்டிகள் குருதிக்கலன்களுக்குள் அதிகம் ஊடுருவியதையும், அந்நோயாளிகளின் ஆயுள் குறுகியிருந்ததையும் 2006 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பெற்றோர்கள் கவனிக்க: இது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. தனியொருவருக்குக் குறித்த தவணையல்ல.

வாங்கியை அடைத்துவிட்டால் சரிதானே என்றே நானும் நினைத்தேன். மெட் அதிகமுள்ள நோயாளிகளை மட்டும் தெரிந்தெடுத்து டிவன்டினிப் என்ற மருந்தைப் பரீட்சித்தார்கள். 2018 இல் முடிவு வெளியானது: வெற்று மாத்திரை எடுத்தோரைவிட அவர்கள் நீண்ட காலம் வாழவில்லை. அம்மருந்து மெட்டைவிடக் கலத்தின் நுண்குழாய்களையே அதிகம் தாக்குகிறது என்று வேறு ஆய்வுகள் ஏற்கனவே காட்டியிருந்தன. அதே ஆண்டு, மெட்டுடன் வேறு சில வாங்கிகளையும் தடுக்கும் கபோசான்டினிப் என்ற மருந்து, நோய் முற்றியவர்களின் நடு ஆயுட்காலத்தை 8.0 மாதங்களிலிருந்து 10.2 மாதங்களாக்கியது. இரண்டே மாதங்கள்தான். ஆனால் அந்த இரண்டு மாதங்களில் ஒரு பெருநாள் வரலாம்.

இன்னொன்றும் வியப்பூட்டியது. ஈரல் கலங்களில் மெட் வாங்கியே இல்லாத எலிகளுக்குப் புற்றுநோயைத் தூண்டும் இரசாயனத்தைக் கொடுத்தபோது, அவற்றுக்குக் கட்டிகள் கூடுதலாகவே உருவாகின. நோய் தொடங்குமுன் காவல் நிற்பதும், தொடங்கியபின் பரப்புவதும் ஒரே வாங்கி.

அடுத்த முறை போனபோது சாச்சாவிடம் சொன்னேன்: வளர்ச்சிக் காரணி நல்ல கலம், கெட்ட கலம் என்று பார்த்து வருவதில்லை, மிஞ்சிய புற்றுக் கலம் இருந்தால் அதுவும் அச்செய்தியைக் கேட்கலாம். அதற்காக வெட்டாமல் விட்டிருக்க முடியாது, கட்டி பெரிதாகியிருக்கும். திரும்ப வந்தால் நேரத்தோடு பிடிப்பதற்காகத்தான் சில மாதங்களுக்கொரு தடவை ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள்.

"அப்ப காயத்த ஆத்துறதும் அதுதான், நோயப் பரப்புறதும் அதுதான்?"

"ஓம் சாச்சா."

அடுத்த ஸ்கானுக்கு நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"சோதினய முடிச்சிட்டு வா மகள்" என்றார்.